கரண்ட் ஏறிய செவ்வாய்க்கிழமைகள்

நாற்பத்திரண்டு வயதில் ஒருத்தி தனக்கு வயதாகிவிட்டது என்று எழுதினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் அந்த நீண்ட அறையில் என்னோடு நடந்தவர்கள் நீங்கள். உங்கள் முழங்காலும் இடுப்பும் உங்களைவிட இருபது வயது மூத்தவை என்பது எனக்குத் தெரியும். நம்மில் கைத்தடி வாங்கியவர்கள் உண்டு, வாங்கி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகை. போன வாரம்தான் அதை வெளியே எடுத்தேன். எடுத்த அன்றே உங்களுக்கு இதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

அங்கே நம்மை எண்ணால்தான் குறித்தார்கள். நான் ஏழு. கட்டுகஸ்தோட்டைக்காரி எட்டு, எனக்கு அடுத்த முறை அவளுடையது. தெல்தெனியவிலிருந்து வந்தவன் இரண்டோ மூன்றோ. பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் அவன் வந்து சேர்ந்த நாள் குறைவு. மூளை வாதம் உள்ள பிள்ளைகள் நடக்கும்போது கால் தசைகள் எந்த நேரத்தில் வேலை செய்கின்றன, எந்த நேரத்தில் ஓய்கின்றன என்று அளந்து பார்ப்பதுதான் அங்கே நடந்த காரியம். அப்போது நம் வீட்டுப் பெரியவர்கள் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. எங்கள் வீட்டில் விளங்கியிருந்த ஒரே ஆள் ஒன்பது வயது நான். நான் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் நாவலப்பிட்டியில் இருந்தோம். அப்பா ரயில் ஷெட்டில் ஃபிட்டர். அசையாமல் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. என் கால்களையும் அந்த இரும்போடு சேர்த்துவிட்டார். நான் நுனிக்காலில் நடப்பவள். குதிகால் தரையில் படாது, முழங்கால் இரண்டும் உரசிக்கொள்ளும், ஐந்து நிமிடம் நடந்தால் மூச்சு வாங்கும். கால் சும்மா கிடப்பதால்தான் இப்படி, பிள்ளைக்குச் சோம்பல், நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று அவர் முழு மனதோடு நம்பினார். தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு, நகத்தில் கிரீஸ் போகாத கையால் என் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவார். பிளாட்போமின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆறு தடவை நடக்கவேண்டும்.

"குதிகால ஊனு. ஊனுடி. அப்பா பின்னாடிதான் வர்றேன்."

"வலிக்குதுப்பா."

"வலிச்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம். சோம்பேறித்தனம் பண்ணாத, நட."

அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. அதனால் யாரிடமும் முறையிடவும் வழியில்லை. ரயிலுக்காக வாங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள், பிறகு அப்பாவைப் பார்ப்பார்கள், "நல்ல தகப்பன்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான்காவது தடவைக்குப் பிறகு கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும், ஆறாவது தடவை முடியும்போது அழுகை வராமல் இருக்க ரயில் பெட்டிகளின் எண்களை வாசித்துக்கொண்டு நடப்பேன். இரவில் அம்மா தூக்கிவைத்துத்தான் சோறு ஊட்டுவாள். இதை எழுதும்போதுகூட அந்த மனிதர்மேல் கோபம் வருகிறது, வந்த கையோடு பாவமாகவும் இருக்கிறது. அவர் போய் எட்டு வருடமாகிறது.

அந்த வருடம் மார்கழி விடுமுறைக்கு நான்கைந்து மாதம் முன்புதான் எங்களுக்குச் செய்தி வந்தது. கண்டியில் ஒரு டொக்டர் நம்மைப் போன்ற பிள்ளைகளைத் தேடுகிறார், வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும் என்றார்கள். பேராதனைப் பக்கம் ஒரு பழைய கட்டடம். வெளியே மாரா மரம், உள்ளே ஓர் அறை, தரையில் மஞ்சள் டேப் ஒட்டி ஒரு நேர்கோடு. உங்களுக்கு வேறெது மறந்திருந்தாலும் அந்த ஸ்பிரிட் வாசனை மறந்திருக்காது. முதலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு, ஜில்லென்று. பிறகு மணல் கலந்தாற்போல் ஒரு பசையைப் போட்டுத் தோலைத் தேய்ப்பார்கள். அப்புறம் நடுவில் சின்ன உலோகக் குமிழ் வைத்த வட்ட ஒட்டிகள், முன்கால் தசையில் இரண்டு, கெண்டைக்காலில் இரண்டு, தொடையில் முன்னும் பின்னும். ஒவ்வொன்றிலும் ஒரு வயர். எல்லா வயரும் இடுப்பில் கட்டிய பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஒரு நீளக் கேபிளாகக் கொம்பியூட்டருக்குப் போகும். நாம் நடக்க, டொக்டருக்கு உதவிக்கு இருந்த மிஸ் பின்னாலேயே கேபிளைத் தூக்கிக்கொண்டு வருவார். கல்யாணப் பெண்ணுக்குத் தோழி புடவைத் தலைப்பைத் தூக்கி வருவதைப் போலிருக்கும், அந்த ஒன்றில் எனக்குப் பெருமைதான்.

டொக்டர் சிங்களவர், கொம்பியூட்டரை விட்டு முகத்தைத் திருப்பியதே கிடையாது. "ஆ, ஏழு. நடங்க" என்பதுதான் அவருடைய தமிழ். நம்மோடு பேசியதெல்லாம் மிஸ்தான். யாழ்ப்பாணத்து மனுஷி, கட்டை உருவம், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு எங்கே வைத்தேன் என்று தேடுகிறவர். முதல் நாளே அவர் தெளிவாகத்தான் சொன்னார்.

"இது வைத்தியம் இல்லை, கேட்டியளோ? பிள்ளையின்ர தசை என்ன செய்யுது எண்டு அளந்து பாக்கிறம். அவ்வளவுதான்."

"சரிங்க மிஸ்" என்றார் அப்பா. நம் ஆட்களுக்கு வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எதைச் சொன்னாலும் "சரிங்க" தான். மண்டையில் ஏறியதா என்பது வேறு விஷயம்.

ஏறவில்லை என்பது வராந்தாவில் தெரிந்தது. அங்கே தாய்மாருக்குப் போட்டிருந்த வாங்கு ஒரு பாராளுமன்றம். அதற்குச் சபாநாயகர் கட்டுகஸ்தோட்டைக்காரியின் உம்மா.

"வயர் வெச்சி கரண்ட்தானே குடுக்குற? எங்கட புள்ளக்கி மொத நாளே நல்லா ஏறி ஈக்கி. ராவு காலச் சும்மா வெச்சிக்கொண்டு ஈக்கல்ல."

அம்மாவுக்கு அது போதும். என் பெரியம்மாவுக்கு முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்திருந்தார்கள், பத்துத் தடவையில் அவள் படியேறிவிட்டாள். வயர் ஒட்டினால் கரண்ட், கரண்ட் என்றால் வைத்தியம். அதோடு பெரியம்மா ஒரு விதியும் சொல்லி அனுப்பினாள்: கரண்ட் பிடித்த அன்றும் மறுநாளும் உடம்பை அலட்டக்கூடாது, உள்ளே போன கரண்ட் வெளியே போய்விடும். அப்பா அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். செவ்வாயும் புதனும் பிளாட்போம் கிடையாது. அந்த இரண்டு நாளும் எனக்குச் செவ்விளநீர், அவித்த முட்டை, கட்டிலில் கால் நீட்டிப் படுக்கும் உரிமை. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஷெட்டில் நடந்த கதைகளைச் சொன்னார். அவ்வளவு வேடிக்கையாகப் பேசக்கூடிய மனிதர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நடுவில் எண்ணெய்க் கூத்து ஒன்று நடந்தது. அம்மா நம்பிக்கையை ஒரே இடத்தில் போடுகிறவள் அல்ல. வெத மாத்தயா என்ற சிங்கள நாட்டு வைத்தியர் ஒருவர் காய்ச்சிக் கொடுத்த எண்ணெயை விடியற்காலையில் என் காலில் நன்றாகத் தேய்த்துத்தான் ரயிலேற்றுவாள். இரண்டாவது செவ்வாய் ஒட்டிகள் ஒன்றுகூட நிற்கவில்லை. நான் நான்கு அடி வைப்பதற்குள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மிஸ் என் காலை முகர்ந்து பார்த்தார்.

"என்ன இது, கறிக்குப் பிரட்டின மாதிரி? அம்மா, எண்ணெய் பூசாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"இன்னிக்கி கொஞ்சமாத்தாங்க மிஸ்."

"கொஞ்சமும் வேண்டாம்."

அதற்குப் பிறகு அம்மா முழங்காலுக்குப் பின்னால் மட்டும் பூசினாள். அங்கே கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தாள் போலிருக்கிறது. மிஸ் அங்கேயும் ஓர் ஒட்டி ஒட்டுகிறவர் என்பதை மறந்துவிட்டாள்.

உண்மை எனக்குத் தெரிந்தது நான்காவது செவ்வாய். ஏதோ வயரைச் சரிபார்க்க மிஸ் ஒரு சின்ன ஸ்பீக்கரைப் போட்டார். நான் காலை அசைத்தேன், ஸ்பீக்கரில் தகரக் கூரையில் மழை விழுவதைப் போலக் கரகரவென்று சத்தம். பயந்துவிட்டேன்.

"மிஸ், கரண்ட் கூடவா வருது?"

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். "பெட்டியிலயிருந்து உனக்கு ஒண்டும் வாறேல்லை, பிள்ளை. உன்ர காலிலயிருந்துதான் பெட்டிக்கு வருது. இது உன்ர தசையின்ர சத்தம். நாங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறம்."

"அப்ப எனக்கு ஒண்ணும் ஏறாதா?"

"ஏறாது. ஏன், ஆர் சொன்னது?"

"யாருமில்ல மிஸ்" என்றேன். அந்த இடத்தில்தான் நான் முடிவெடுத்தேன். இது அப்பாவுக்குத் தெரிந்தால் செவ்வாயும் போய்விடும், புதனும் போய்விடும், ஷெட் கதைகளும் போய்விடும். வாரத்துக்கு ஏழு நாளும் பிளாட்போம்தான்.

வெளியே வந்ததும் அப்பா வழக்கம்போலக் கேட்டார். "என்னா, இன்னிக்கி எப்படி? ஏறுச்சா?"

"நல்லா ஏறுச்சுப்பா. குதிகால்ல சுர்ருன்னு இருக்கு."

பொய்க்கும் ருசி உண்டு. அடுத்த வாரம் சுர்ரென்பது வியாழன் வரைக்கும் நீடித்தது, அதனால் வியாழனும் ஓய்வு. அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமையும் லேசாக இருந்தது. எட்டாம் எண்காரியே, உன்னிடம் மட்டும்தான் சொன்னேன், நினைவிருக்கிறதா? நீ கண்ணை விரித்து, "அல்லாவே, எனக்கும் ஒண்டும் ஏறல்ல, நானும் ஏறுதெண்டுதான் செல்ற" என்றாய். அன்றிலிருந்து நாம் இருவரும் கூட்டாளிகள். எந்த வாரம் எங்கே சுர்ரென்று இருக்கவேண்டும் என்று வராந்தாவிலேயே பேசி வைத்துக்கொண்டோம். கழற்றிய ஒட்டிகளை மிஸ் குப்பையில் போடுமுன் கேட்டு வாங்குவோம். நான் அவற்றை ஒரு டொபி மிட்டாய் டின்னில் சேர்த்தேன். அறுபதுக்கு மேல் இருந்தன, உலோகக் குமிழ் மட்டும் பளபளக்கும். வீடு மாறியபோது அந்த டின் போன இடம் தெரியவில்லை. அப்பாவின் பழைய காற்சட்டையை வெட்டி அம்மா தைத்துத் தந்த, வயர் ஒட்டும் நாளில் மட்டும் போடும் ஷோர்ட்ஸும் அப்படியே போனது.

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒன்று இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியின் எலும்புக் கிளினிக்கில் எனக்கு ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். குதிகால் தசைநாண் இறுகிக்கொண்டு போகிறது, ஆறு வாரம் பிளாஸ்டர் போட்டு இழுத்துப் பார்க்கலாம் என்பது அவர்களின் திட்டம். அந்தத் தேதி நெருங்கியபோது ஒரு மாலை அம்மா அப்பாவிடம் பேசுவதைக் கட்டிலில் படுத்தபடி கேட்டேன்.

"வர்ற திங்கக்கெழம பிளாஸ்டருக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"கரண்ட்ல சரியாகுற காலுக்கு எதுக்குப் பிளாஸ்டர்? அவளே சொல்றாளே, குதிகால்ல சுர்ருங்குதுன்னு. அந்த எடத்துலதான் பிடிக்குது. நடுவுல பிளாஸ்டரப் போட்டா இதுவும் நின்னு போயிரும்."

நான் எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை வந்தது, போனது. கடைசியில் ஏழு மாதம் பிந்தித்தான் பிளாஸ்டர் போட்டார்கள். என் இடது குதிகால் இன்றும் தரையில் முழுதாகப் படுவதில்லை. தேதியில் போட்டிருந்தால் பட்டிருக்குமா என்று இருபது வருடம் கழித்து ஒரு டொக்டரிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார்.

அந்தத் தேதிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. கடைசிக்கு முந்திய செவ்வாய் மிஸ் என் கிளினிக் அட்டையை வாங்கிப் பார்த்தார். அன்று எட்டாம் எண்காரி வராததால் எங்கள் முறைதான் காலையில் கடைசி, மற்றவர்கள் போயிருந்தார்கள், டொக்டரும் சாப்பிடப் போய்விட்டார். நான் வயர்களோடு நின்றுகொண்டிருந்தேன், அப்பாவும் அம்மாவும் சுவரோரம் கதிரையில் இருந்தார்கள்.

"பிளாஸ்டருக்கு ஏன் போகேல்லை?"

அப்பா எழுந்து நின்றார். "அதான் கரண்ட் குடுக்குறீங்களே மிஸ்."

"என்ன கரண்ட்?"

மிஸ் முதல் நாள் சொன்னதையே மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக. நாங்கள் ஒண்டும் குடுக்கேல்லை. ஒரு நாளும் குடுக்கேல்லை. அளந்தது மட்டும்தான்.

"அப்ப இத்தன மாசமா புள்ளைக்கி ஒண்ணுமே செய்யலயா?" என்று கேட்டுவிட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. ஷெட்டில் எல்லோரிடமும் அவர் சொல்லி வைத்திருந்தார், தை பிறந்தால் என் மகள் குதிகால் ஊன்றி நடப்பாள் என்று. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னியே. சுர்ருன்னு இருக்குன்னு."

நான் மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை, அவ்வளவு பயந்ததும் இல்லை.

"ஏண்டி அப்பிடிச் சொன்ன?"

"நடக்கச் சொல்லுவீங்கன்னு" என்றேன்.

"நடந்தா என்னா? ஒரு மணி நேரம் நடக்கிறதுக்கா இத்தன பொய்யி? இவ கால் சும்மாவே கெடக்குது மிஸ். சோம்பேறி. அதான் இப்பிடி ஆகிப்போச்சு" என்றார். கோபத்தைவிட அவர் குரலில் ஏமாற்றம்தான் இருந்தது.

மிஸ் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையைக் காட்டினார். "இருங்கோ. உங்கட காற்சட்டையை முழங்கால் மட்டும் மடியுங்கோ."

"எனக்கெதுக்குங்க?"

"மடியுங்கோவன்."

அப்பா மடித்தார். கறுத்த, மயிர் அடர்ந்த கால். மிஸ் ஒரு ரேசரால் கொஞ்சம் மழித்து, ஸ்பிரிட் போட்டு, முன்பக்கம் இரண்டு, கெண்டைக்காலில் இரண்டு என்று ஒட்டிகளை ஒட்டினார். என்னிடமிருந்து பெட்டியைக் கழற்றி அவர் இடுப்பில் கட்டினார். ஐம்பது என்ஜினைக் கழற்றிப் பூட்டிய மனிதர், இடுப்பில் பெட்டியோடு, ஊசிக்குப் பயந்த பிள்ளையைப் போல விறைத்து நின்றார். மஞ்சள் கோட்டில் நடந்தார். மிஸ் அவருக்கும் கேபிளைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் திரையைக் காட்டினார். மேலே ஒரு பச்சைக் கோடு, கீழே ஒன்று.

"மேல முன்கால், கீழ கெண்டைக்கால். பாருங்கோ."

மேல்கோடு பொங்கும்போது கீழ்க்கோடு தட்டையாகக் கிடந்தது. கீழ்க்கோடு பொங்கும்போது மேல்கோடு அடங்கியது. அப்பா கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். அவருக்கு இயந்திரம் என்றால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரெண்டும் ஷிப்ட் மாத்திக்குது."

"ஓம். ஒண்டு வேலை செய்ய மற்றது ஆறும். ஒவ்வொரு அடியிலயும் உங்கட தசைக்கு ஓய்வு கிடைக்குது. அதாலதான் நீங்கள் நாள் முழுக்க நிக்கிறியள். இப்ப பிள்ளையின்ரயைப் பாருங்கோ."

அன்று காலையில் எடுத்த என் கோடுகளைத் திரையில் போட்டார். இரண்டிலும் தட்டையான இடமே இல்லை. மேலும் கீழும் ஒரே நேரத்தில் பொங்கி, பொங்கியபடியே திரையின் ஓரம் வரை போயின. எனக்கும் அதை அப்படிப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

அப்பா விரலால் தொடாமல் கோட்டைத் தொடர்ந்துபோனார். "இங்க ஷிப்டே மாறலயே."

"மாறாது. ஒண்டு முன்னுக்கு இழுக்க மற்றது பின்னுக்கு இழுக்குது. ரெண்டும் விடாது. நீங்கள் ஒரு மைல் கட்டை தூரம் நடக்கிறதுக்கு எவ்வளவு பாடுபடுறியளோ, அதைவிடக் கூட இந்தப் பிள்ளை இந்த அறையைத் தாண்டுறதுக்குப் படுகுது. சும்மா கிடக்கிற கால் இல்லை ஐயா இது."

"இது எந்த எடம்?" அவர் திரையின் வலது ஓரத்தைக் காட்டினார். அங்கேயும் கோடுகள் அடங்கவில்லை.

"அது நடந்து முடிஞ்சாப் பிறகு. சும்மா நிக்கிறா."

"நிக்கிறப்பவுமா?"

மிஸ் தலையாட்டினார். அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மாவின் விசும்பலும் நின்றிருந்தது. அப்பாவின் மனதில் என்னென்ன பிளாட்போம் மாலைகள் ஓடினவோ எனக்குத் தெரியாது. மிக மெதுவாகக் கேட்டார்.

"படுத்துக்கிட்டா? படுத்துக்கிட்டாலாவது ஓயுதுங்களா மிஸ்?"

"பாப்பமே."

பெட்டியை மறுபடி என் இடுப்பில் கட்டி, வயர்களைப் பூட்டி, சுவரோரக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. அப்பா திரைக்கு முன்னால் நின்றார். முதலில் கோடுகள் பொங்கிக்கொண்டுதான் இருந்தன, ஏனென்றால் நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தன. கீழ்க்கோடு முதலில், மேல்கோடு பிறகு. இரண்டும் தட்டையாகிவிட்டதை நான் திரையைப் பார்க்காமலே அப்பாவின் தோள் இறங்கியதில் தெரிந்துகொண்டேன்.

மிஸ் வயரைக் கழற்றக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும் மிஸ்" என்றார் அப்பா. "இப்பிடியே கொஞ்ச நேரம் விடுங்க."

எனக்குச் சொல்லிவிடவேண்டும் என்று இருந்தது. "அப்பா, நான் பொய் சொன்னது…" என்று தொடங்கினேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"பேசாதம்மா. பேசுனா கோடு எந்திரிக்குது."